வெளியூர்ப் பேரேட்டில் நமது நாணயம்

கூட்டுறவுச் சங்கத்திற்குப் பங்குத் தொகை ஒரு மூலதனம்; அங்கத்தினரின் நாணயம் மற்றொரு மூலதனம். முன்னது குறைந்தால் மத்திய வங்கியில் கடன் பெற்று நிரப்பிக் கொள்ளலாம். பின்னது குறைந்தால் எங்கும் கடனாகக் கிடைப்பதில்லை. இத்துணை நாளும் அந்த நாணயத்தை ஊரார் நாவிலும் சங்கத்துப் பேரேட்டிலும் மட்டுமே எழுதி வைத்திருந்தோம். இப்பொழுது நாம் காணாத ஓர் இடத்தில், நம்மைக் காணாதவர்கள், நமது நாணயத்திற்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்து வருகிறார்கள். அதைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதப் பாடமாக எழுத முற்படுகிறோம்.

சென்ற ஆடி மாதம் திருமானூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் ஆய்வுப் பணியாக நாம் இருந்தபோது, பெரியவர் ஒருவர் வந்தார். கொள்ளிடக் கரையை ஒட்டி மூன்று ஏக்கர் நஞ்சை உடையவர். சங்கத்தில் அங்கத்தினராகி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவருடைய கடன் கணக்கை நாமே புரட்டிப் பார்த்தோம். ஓர் ஆண்டும் தவணை தப்பவில்லை. அவர் கறவை மாடு இரண்டு வாங்குவதற்காகப் பக்கத்து நகரத்து வங்கி ஒன்றில் கடன் கேட்டிருக்கிறார். பத்து நாட்கள் அலைந்தபின், "உங்களுக்குச் சிபில் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது: "ஐயா, சிபில் என்கிறவர் யார்? நான் அவரிடம் கடனே வாங்கியதில்லையே!"

அருகில் இருந்த எழுத்தர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பா நாற்றங்கால் விடும் பருவத்தில் பத்து நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைந்த மனிதர், தாம் எதற்காக மறுக்கப்பட்டோம் என்பதையே அறியாமல் திரும்பியிருக்கிறார். மேலும் அவருடைய கேள்வியில் பிழை ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் நம் பெயரில் ஏடு எழுதி வைத்திருக்கிறார் என்றால், அவர் யார் என்று கேட்பதே முதற்கடமை.

சிபில் என்பது ஆள் அன்று. 2000ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனம். இப்பொழுது அதன் முழுப்பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். இதைப் போலவே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் மூன்று நிறுவனங்களும் நம் நாட்டில் இயங்குகின்றன. இந்நான்கிற்கும் சட்டம் வைத்த பெயர் 'கடன் தகவல் நிறுவனம்'. இவை கடன் கொடுப்பதில்லை. கடனை வசூலிப்பதும் இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தத்தம் கடன்காரர்களைப் பற்றி அனுப்பும் விவரங்களைத் திரட்டி, ஆளுக்கொரு ஏடாக வைத்து, அடுத்துக் கடன் கொடுக்கப்போகும் நிறுவனம் கேட்டால் காட்டுகின்றன. அவ்வளவே இவற்றின் தொழில். 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை நடைபெறுகின்றன. முதலில் வந்ததும் மிகுதியாகப் பேசப்படுவதும் சிபில் ஆகையால், நான்கு நிறுவனங்களின் அறிக்கைக்கும் அப்பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

இது புதுமை என்று எண்ண வேண்டா. 1803ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் தையற்காரர்கள் ஒன்றுகூடி, துணி தைத்துக்கொண்டு பணம் தராத வாடிக்கைக்காரர்களின் பெயர்களைத் தமக்குள் பரிமாறிக் கொண்டார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 1899ஆம் ஆண்டு உல்ஃபோர்டு என்னும் சகோதரர் இருவர், மளிகைக் கடைகளில் கடன் வைப்போரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்து விற்கத் தொடங்கினார்கள். அந்தச் சிறு வியாபாரமே வளர்ந்து இன்றைய ஈக்விஃபாக்ஸ் ஆயிற்று.

நம் இயக்கம் அதே காலத்தில் வேறொரு வழியை மேற்கொண்டது. சென்னை மாகாணத்திற்காக 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரெய்பீசன் கண்ட கிராமச் சங்கங்களையே நமக்குப் பரிந்துரைத்தார். ஒரு கிராமத்திற்கு ஒரு சங்கம். அங்கத்தினர் ஒருவரை ஒருவர் முகமறிந்தவர். ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. 1904ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வடிப்படையில் எழுந்தது. அங்கே ஒருவனுடைய யோக்கியதையை அறிய ஏடு வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரன் போதும். ஒருவன் தவணை தப்பினால், அவன் வயலில் தண்ணீர் ஏறவில்லையா, வீட்டில் சாவு நேர்ந்ததா, அல்லது பணத்தை வீணாக்கினானா என்பது நிர்வாகக் குழுவிலுள்ள ஐந்து பேருக்கும் தெரியும். வெளியூர்ப் பேரேட்டுக்கு இந்தக் காரணங்கள் ஒன்றும் தெரியாது. எத்தனை நாள் தாமதம் என்ற எண் ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

அந்த ஏட்டுக்குள் நமது பெயர் எவ்வாறு நுழைகிறது? சட்டம் 'கடன் நிறுவனம்' என்று வரையறுப்பதில் வணிக வங்கி, வட்டார ஊரக வங்கி, கூட்டுறவு வங்கி, நிதிக் கம்பெனி, வீட்டுக்கடன் நிறுவனம், கடன் அட்டை நிறுவனம் ஆகிய யாவும் அடங்கும். இவை நான்கு தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015ஆம் ஆண்டு ஆணையிட்டது. மாதம் ஒரு முறை விவரம் அனுப்பி வந்த நிலை மாறி, 2025 சனவரி 1 முதல் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் அனுப்ப வேண்டும் என்றாயிற்று. நகைக்கடன், டிராக்டர் கடன், முத்ரா கடன், மகளிர் குழுக் கடன், மாதத் தவணையில் வாங்கிய கைப்பேசி எல்லாம் அங்கே ஏறுகின்றன.

ஆனால் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தில் பெற்றுச் செலுத்திய பயிர்க்கடன் அந்த அறிக்கையில் காணப்படாமலே போவது உண்டு. மேற்சொன்ன பெரியவர் விஷயத்தில் அதுவே நிகழ்ந்திருந்தது. இருபதாண்டு ஒழுங்காகக் கட்டிய நற்பெயர் சங்கத்துப் பேரேட்டோடு நின்றுவிட்டது; வெளியில் வாங்கிய சில்லறைக் கடனின் கெட்ட பெயர் மட்டும் மும்பை வரை சென்றுவிட்டது. இந்தக் கோணலை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வது நல்லது. சங்கத்தில் நமக்குள்ள மதிப்பே எங்கும் செல்லும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

2025ஆம் ஆண்டில் பயிர்க்கடன் கேட்போரின் சிபில் அறிக்கையைச் சங்கங்கள் பார்க்க வேண்டும் என்ற அறிவுரை எழுந்தபோது, மாநிலமெங்கும் உழவர் சங்கங்கள் எதிர்த்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே நிலத்திற்கு வணிக வங்கியிலும் சங்கத்திலும் இரட்டைக் கடன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அறிக்கை, மதிப்பெண்ணைக் கொண்டு மறுப்பதற்கன்று என்று அரசுத் தரப்பில் பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. நமது கருத்தைக் கேட்பின், இரட்டைக் கடனைப் பார்ப்பது நியாயமே. அடுத்த அங்கத்தினருக்குச் சேர வேண்டிய பணம் அது. ஆனால் மழையை நம்பி விளைவிப்பவனை மாதச் சம்பளக்காரனுக்கு வகுத்த எண்ணால் அளப்பது முறையாகாது. எவ்வாறாயினும், அறிக்கை என்ற ஒன்று சங்கத்து வாயில் வரை வந்துவிட்டது. பிறர் படிக்குமுன் நாம் படித்துவிடுவது உத்தமம்.

படிப்பதற்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. 2017 சனவரி முதல், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் கேட்பவர் எவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நிறுவனங்கள் நான்கு, ஆகவே மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனம் என்று முறைவைத்துக் கேட்டால், ஆண்டு முழுதும் காசு செலவின்றி நமது ஏட்டை நாமே தணிக்கை செய்துகொண்டிருக்கலாம். நால்வரிடமும் உள்ள விவரம் ஒன்றுபோல் இருக்கும் என்பது உறுதியில்லை ஆகையால், இம்முறை இன்னும் பயனுடையது. அந்நிறுவனங்களின் இணையதளத்திலேயே இலவச அறிக்கைக்கு வழி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண் முதலான அடையாளம், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தால், கைப்பேசிக்கு ஒரு மறைஎண் வரும். அதை இட்டால் அறிக்கை திறக்கும். தாமே செய்ய இயலாதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு செய்யலாம். கணினி மையத்திற்குச் செல்வோர் தாமும் உடனிருந்து பார்த்து, அச்சிட்ட தாளைக் கையோடு வாங்கிக்கொண்டு, மையத்துக் கணினியில் நகல் இல்லாமல் அழிக்கச் செய்ய வேண்டும்.

நாமே நமது அறிக்கையைப் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று ஓர் அச்சம் பரவியிருக்கிறது. அது தவறு. கடன் கொடுக்கும் நிறுவனம் பார்ப்பதுதான் 'விசாரணை' என்று ஏட்டில் ஏறும். சொந்தக்காரர் பார்ப்பது மதிப்பெண்ணைத் தொடாது.

பெரியவருடைய அறிக்கையை அவர் பேரன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தான். சங்கத்துத் திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் படித்தோம். எவ்வாறு படித்தோம் என்பதைச் சொல்வதே இப்பாடத்தின் முக்கியப் பகுதி.

எல்லாரும் முதலில் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது 300க்கும் 900க்கும் இடைப்பட்ட ஓர் எண், மிகுந்தால் நன்று. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது பெயரும் அடையாளமும் உள்ள பகுதி. இதில் தமிழ்நாட்டாருக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. மு. செல்வராசு என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வங்கியில் அவர் 'செல்வராசு மு', மற்றொன்றில் 'செல்வராஜ் முருகேசன்', ஆதாரில் 'செல்வராஜு' என்று ஆங்கில எழுத்தில் மூன்று மனிதராகிவிடுகிறார். அவ்வாறே பக்கத்து ஊரில் உண்மையாகவே வேறொரு மு. செல்வராசும் இருக்கிறார். பிறந்த தேதியோ, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதியது. ஊரில் பாதிப்பேர் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்! இத்தகைய நிலையில் ஒருவர் கடன் மற்றொருவர் ஏட்டில் ஏறுவதும், ஒருவருடைய ஏடே இரண்டாகப் பிரிவதும் வியப்பன்று. ஆகவே பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பான் எண், வாக்காளர் அட்டை எண், முகவரி, கைப்பேசி எண் ஆகிய ஒவ்வொன்றையும் கையிலுள்ள அட்டைகளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். நாம் என்றும் குடியிராத ஊரின் முகவரி ஒன்று அங்கே காணப்பட்டால், அடுத்த பகுதியில் நாம் வாங்காத கடன் ஒன்று இருக்கக்கூடும் என்று ஐயுறலாம்.

பெரியவர் விஷயத்தில் அப்படியேதான் இருந்தது. கொள்ளிடத்திற்குத் தென்கரையில் உள்ள ஓர் ஊர் முகவரி. அதன் தொடர்பாக நிதிக் கம்பெனி ஒன்றின் கடன், நாற்பதினாயிரத்துச் சொச்சம் பாக்கி. அவர் அந்தக் கம்பெனியின் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

கணக்குகள் பகுதியில் ஒவ்வொரு கடனுக்கும் தனிக் கட்டம் இருக்கும். கொடுத்தவர் யார், எவ்வகைக் கடன், திறந்த தேதி, முடித்த தேதி, பாக்கித் தொகை, தவணை கடந்த தொகை என்று வரிசையாகக் காணலாம். முடித்துவிட்ட கடனுக்கு முடித்த தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகைக்கடன் மீட்டவர்கள் நகை கைக்கு வந்ததோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஏட்டில் அக்கடன் உயிரோடு கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். கடன் தீர்ந்ததும், பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கி, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பது அவசியம்.

அதன் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். பூச்சியம் மூன்றும் இருந்தால் அம்மாதம் தாமதம் இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். எண்ணுக்குப் பதிலாகக் குறுக்குக் குறி எழுத்து மூன்று இருந்தால், அம்மாதத்திற்கு விவரம் வரவில்லை என்று பொருள். சாதாரணக் கடன் 90 நாள் கடந்தால் வாராக்கடன் வகைக்குச் சென்றுவிடும். பயிர்க்கடனுக்கு இந்த 90 நாள் கணக்கு பொருந்தாது. குறுகியகாலப் பயிராயின் இரண்டு பயிர்ப் பருவம், கரும்பு போன்ற நீண்டகாலப் பயிராயின் ஒரு பருவம் கடந்த பின்னரே அவ்வகையாகும். பயிர்க்கடனுக்கு மற்றக் கடனைப்போல் 90 நாளிலேயே முத்திரை குத்தியிருந்தால், உழவர் கேள்வி கேட்க உரிமையுடையவர்.

இன்னும் இரண்டு சொற்களை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். 'ரிட்டன் ஆஃப்' என்றால் வங்கி தன் கணக்கில் அந்தக் கடனை நட்டமாக எழுதிக்கொண்டது என்று பொருள். நமக்குத் தள்ளுபடியாயிற்று என்று பொருள் அன்று. கடன் நம் தலைமேல்தான் இருக்கிறது. 'செட்டில்டு' என்றால் முழுத்தொகைக்குக் குறைவாக ஒப்புக்கொண்டு பைசல் செய்யப்பட்டது. வசூல்காரர் "பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்று சொல்லும்போது இனிக்கும். ஏட்டில் அச்சொல் ஏழாண்டுகளுக்குக் குறையாமல் நிற்கக்கூடும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைக் குறையாகவே கொள்வார். முழுவதும் கட்ட இயலாதவர் அவ்வாறு பைசல் செய்வதில் தவறில்லை. விளைவை அறிந்து செய்ய வேண்டும் என்பதே நாம் சொல்வது. அரசு அறிவித்த தள்ளுபடி இவ்விரண்டிலும் சேராது. 2021 பிப்ரவரி 5ஆம் நாள் தமிழ்நாட்டில் 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதில் பயனடைந்தவர்கள் சங்கத்துச் சான்றைப் பத்திரமாக வைத்திருத்தல் நலம். பின்னொரு நாள் யாரேனும் ஐயம் எழுப்பினால் அது பேசும்.

பெரியவரின் ஏட்டில் மற்றொரு பதிவும் இருந்தது. இருசக்கர வண்டிக் கடன். ஐந்து தவணை பாக்கி. இதுவும் தம்முடையது அன்று என்றார். உற்றுப் பார்த்ததில் 'பிணையாளி' என்று குறித்திருந்தது. மைத்துனர் மகன் வண்டி வாங்கியபோது கையெழுத்துப் போட்டது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. "சாட்சிக் கையெழுத்து என்றுதானே ஐயா சொன்னான்" என்றார். சாட்சி வேறு, பிணை வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பிணையாளியின் பொறுப்பு கடன்காரனின் பொறுப்புக்குச் சமம். சங்கத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுப் பழகிய நம்மவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் சங்கத்தில் ஜாமீன்தாரருக்கு நினைவூட்ட எழுத்தர் வீடு தேடி வருவார். வெளியில் ஏட்டில் ஏறிய பின்னர்தான் தெரியவருகிறது.

இதைக் காட்டிலும் கவலை தருவது, பெயரைக் கடன் கொடுக்கும் வழக்கம். மகளிர் குழுக் கடன்களில் ஒரு பெண் தன் ஆதாரையும் கையெழுத்தையும் கொடுத்துக் கடன் பெற்று, பணத்தை அப்படியே அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுகிறாள். நட்புக்குச் செய்யும் உதவி என்று எண்ணுகிறாள். அண்டை வீட்டார் மூன்று வாரம் கட்டி நான்காம் வாரம் ஊரைவிட்டுப் போய்விட்டால், ஏட்டில் நிற்பது இவள் பெயர்தான். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் வீடுகளிலும் இவ்வழக்கம் இருப்பதைக் கேள்வியுறுகிறோம். நெசவாளர் முத்ராக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, தறியும் உழைப்பும் சரியாயிருந்தும், மனைவி பெயரில் இப்படி ஒரு பாக்கி குறுக்கே வந்து நின்றால், பாவு ஓட வேண்டிய தறி சும்மா கிடக்கிறது. இதற்குத் திருத்த மனு எழுத வழியில்லை. பதிவு மெய்யான பதிவு. கொடுக்காமலிருப்பதே வழி.

அறிக்கையின் கடைசிப் பகுதி விசாரணைகள். எந்த நிறுவனம், எந்த நாளில், எவ்வகைக் கடனுக்காக நமது ஏட்டைப் பார்த்தது என்று அதில் இருக்கும். நாம் விண்ணப்பம் செய்யாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், நமது அட்டையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம். ஒரே மாதத்தில் ஏழெட்டு இடத்தில் விண்ணப்பிப்பதும் நல்லதன்று. பணத்திற்குத் தவிக்கிறார் என்று அடுத்தவர் நினைப்பார். இவ்வாறு ஒரு நிறுவனம் பார்க்கும்போது நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபர் 26ஆம் நாள் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பழைய கைப்பேசி எண்ணையே வங்கியில் விட்டுவைத்திருப்பவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேராது.

பிழை கண்டால் செய்ய வேண்டியது யாது? எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பதிவை அனுப்பிய வங்கிக்கோ கம்பெனிக்கோ ஒன்று, கடன் தகவல் நிறுவனத்திற்கு ஒன்று. எந்தக் கணக்கு எண், என்ன பிழை, என்ன சான்று என்பதை ஒரு பக்கத்திற்குள் எழுதினாற் போதும். வாழ்க்கை வரலாறு வேண்டா. பெற்றுக்கொண்டதற்கான ரசீதோ புகார் எண்ணோ கட்டாயம் வாங்க வேண்டும், ஏனெனில் நாட்கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடன் கொடுத்த நிறுவனத்திற்கு 21 நாள்; மொத்தத்தில் 30 நாளுக்குள் புகார் தீர்க்கப்பட வேண்டும். தீராவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, புகார் கொடுத்தவருக்குச் சேர வேண்டும். இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. திருத்தம் மறுக்கப்பட்டால் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். கடன் மறுக்கப்பட்டவர், அந்த வங்கி தம்மைப் பற்றிப் பெற்ற தகவலின் நகலை உரிய கட்டணம் செலுத்தி வங்கியிடமே கேட்டுப் பெறலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. "சிபில் சரியில்லை" என்ற இரு சொல்லோடு திரும்பி வர வேண்டியதில்லை.

முப்பது நாளிலும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை எனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய அதிகாரத்திற்கு உட்பட்டவை. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. இணைய வழியாகவோ, சண்டிகரிலுள்ள ரிசர்வ் வங்கி மையத்திற்குத் தபால் வழியாகவோ மனு அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நேரே அங்கே செல்லாமல், முதலில் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. அவசரப்பட்டு அனுப்பிய மனுக்கள் அதனாலேயே திரும்புகின்றன.

"ஐயாயிரம் கொடுங்கள், சிபிலை ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லித் திரிபவர்கள் சந்தைக்குச் சந்தை தோன்றியிருக்கிறார்கள். மெய்யான பதிவை எவராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவை நாமே காசின்றித் திருத்தலாம். ஆக, அந்த ஐயாயிரம் எதற்கு?

நம் சங்கத்துக் காரியதரிசிகளுக்கும் ஒரு சொல். அங்கத்தினரின் அறிக்கை அவர் சொந்தச் சொத்து. உதவி செய்யும் நோக்கத்தோடாயினும், அதை நிர்வாகக் குழு மேசையில் விரித்துப் பேசுவதும், வாட்ஸப்பில் அனுப்புவதும் கூடா. ஒரு சங்கத்தில் இப்படிச் செய்யப் போய், ஒரு விதவையின் கடன் ஊர்ப்பேச்சாகிவிட்டது. அவர் சங்கத்துப் படி ஏறுவதை அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகள் விஷயத்திலும் இந்த ஏடு தலையிடத் தொடங்கிவிட்டது. அரசு வங்கி ஒன்றில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவருடைய நியமனம், முந்திய கடன்களில் தவணை தவறியதாக அறிக்கையில் இருந்ததால் இரத்துச் செய்யப்பட்டது. 2025 சூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் வங்கியின் முடிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடன் தவறியவர் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர் என்று விளம்பரத்திலேயே கண்டிருந்தது. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மகனும் மகளும் வேலை கிடைக்குமுன் தவணை தொடங்கிவிடுகிறதா என்று தந்தையர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. அந்த ஒரே காரணத்திற்காக முதல் முறை விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 சனவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஏடு இல்லாமை குற்றம் அன்று.

பெரியவரின் மனுக்களை அன்று மாலையே எழுதினோம். தென்கரைக் கடனுக்கு ஆதாரமாக அவருடைய பான் அட்டை, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்தோம். புகார் எண்ணை அவர் ஒரு பழைய பஞ்சாங்கத்தின் மேலட்டையில் எழுதி வைத்துக்கொண்டார். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது: தந்தை பெயரின் முதலெழுத்தும் பிறந்த ஆண்டும் ஒத்திருந்ததால் நேர்ந்த கலப்பு, பதிவு நீக்கப்பட்டது. வங்கி மறுபடியும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டது; ஆனால் மாடு வாங்கியது ஐப்பசி கடந்த பிறகுதான், அதுவும் இரண்டுக்குப் பதில் ஒன்று. வண்டிக் கடனின் ஐந்து தவணைகளில் மூன்றை மைத்துனர் மகன் கட்டிவிட்டான். மீதி இரண்டும் அறுவடைக்குப் பின் என்று சொல்லியிருக்கிறான். பெரியவர் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அவன் வீட்டுக்குச் சென்று ரசீதைக் கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.